துரையை உள்ளே விடாத முன்வாசல்

தஞ்சாவூர்ச் சீமையில் பட்டாளத்துக்கு அரிசி வாங்கிக் கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்து, ஜனங்களுக்கு அரிசி கிடைக்காத வருஷங்களில்தான் அதிகமாகச் சம்பாதித்த கர்னல் ஹாப்லி துரை, ஈரலும் பணப்பையும் ஒருசேர வீங்கிப்போய் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, தன்னோடு துரைசானியையும், இரண்டு பெண்பிள்ளைகளையும், அந்தப் பிள்ளைகளைக் கடல் முழுக்கத் தோளில் போட்டுத் தாங்குவதற்காக ஞானப்பூ என்ற தரங்கம்பாடி ஆயாவையும் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் உன்னைத் திரும்பக் கப்பலேற்றிவிடுகிறேன் என்று நாகப்பட்டினத் துறையில் வைத்துத் தன் தொப்பியைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அப்போதுதான் நடைபழகிக்கொண்டிருந்த மகள் நேசமணியைத் தங்கையின் இடுப்பில் விட்டுவிட்டு வந்த ஞானப்பூ, அந்தத் தொப்பியை நம்பினாள்.

வின்டில்கோட் என்ற ஊரில் துரை வாங்கிய மாளிகை சாம்பல் நிறத்தில், பெட்டியைக் கவிழ்த்தது மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்துப் பழைய குடும்பங்கள் அவரைத் தேநீருக்கு அழைத்து, அவர் கிளம்பிப்போன பிறகு அரிசிக்கடைக்காரர் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டன. இது துரையின் காதுக்கு எட்டியது. வாயடைக்கிற மாதிரி ஒரு வாசல் கட்டிவிட்டால் இவர்கள் வாயெல்லாம் அடைபட்டுவிடும் என்று அவருக்குத் தோன்றியது. லண்டனிலிருந்து மிஸ்டர் பென்ரட் என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்தார். பென்ரட் கடல்கடந்து போனது ஆயுளில் ஒரே ஒரு தடவை, அதுவும் பிரான்சுவரைக்கும், அதிலும் வயிறு சரியில்லாமல் பாதியில் திரும்பிவிட்டார். ஆனால் இந்தியாவைப் பற்றிப் படப்புத்தகங்கள் நிறைய வைத்திருந்தார். அவற்றில் எந்தப் படம் எந்த ஊருடையது என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஆகவே அந்த வாசலின் உச்சியில் டில்லிப் பாதுஷாக்களின் கும்மட்டங்கள் வெங்காயம் வெங்காயமாக முளைத்தன, அதற்குக் கீழே சோழ தேசத்துத் தூண்கள் வந்து நின்றன, ஜென்மத்தில் ஒன்றையொன்று பார்த்திராத அந்த இரண்டுக்கும் நடுவில் பென்ரட் தன் சொந்தக் கற்பனையில் ஒரு வளைவை வைத்து முடிச்சுப் போட்டார். யாளியைக் கண்டிராத உள்ளூர்க் கல்தச்சன் பக்கத்துப் பண்ணை நாயின் முகத்தை யாளிக்கு வைத்தான். தாமரை என்று சொல்லிக் கொடுத்தது முட்டைக்கோசாக வந்தது. யானைகள் பன்றிக்குத் துதிக்கை ஒட்டினாற்போல் வந்தன. இரண்டு பக்கமும் நிற்கிற துவாரபாலகர்கள் மட்டும் துரையே சொல்லிச் சொல்லிச் செய்வித்தது. எந்தக் கோயில் வாசலிலோ பூட்ஸ் காலோடு நின்று பார்த்ததை அவர் மறந்திருக்கவில்லை. ஆளுக்கு நான்கு கை, ஒரு கதாயுதம், உதட்டோரம் கோரைப்பல், எச்சரித்து உயர்த்திய சுட்டுவிரல். அந்த விரல் விருந்தாளிகளை வருக வருக என்று அழைக்கும் முத்திரை என்று பென்ரட் எல்லாரிடமும் விளக்கினார். வெறுந்தொடை தெரிகிறது என்று பாதிரியார் முகம் சுளித்ததால் இருவருக்கும் கல்லிலேயே முழங்கால்வரை காற்சட்டை செதுக்கப்பட்டது. துரைசானி பயப்பட்டதால் கோரைப்பற்கள் தேய்க்கப்பட்டு, இரண்டு பேரும் பல்வலிக்காரர்களாக நின்றார்கள்.

ஞானப்பூ அவர்களை ஏறிட்டுப் பார்த்தாள். ஊரில் இவர்களை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க அவளுக்கோ அவள் அப்பாவுக்கோ வாய்த்ததில்லை. கோயில் தெருவின் முனையோடு அவள் ஜாதி ஜனம் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் இந்த ஆள்கள் கட்டைவிரல் உயரம்தான் தெரிவார்கள். இப்போது முழு உயரத்தில், காற்சட்டையோடு பார்த்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வாசல் திறப்பன்று பெரிய குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. துரையைப் பிடித்துப்போய் வந்தவர்கள் இல்லை, மாட்டிறைச்சியும் மதேரா ஒயினும் பிடித்துப்போய் வந்தவர்கள். அவர்கள் உள்ளே போன பிறகு, வீட்டுக்கு உடையவர் என்ற தோரணையில், கடைசியாக, தலையை நிமிர்த்திக்கொண்டு ஹாப்லி துரை படியேறினார். நிலைப்படியில் அவர் கால் வைக்கப்போன சமயத்தில் இடப்பக்கத்துக் கல்லாளும் வலப்பக்கத்துக் கல்லாளும் கதாயுதங்களை இறக்கிக் குறுக்கே வைத்தார்கள். அம்மியை நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். துரை பின்வாங்கினார், கதாயுதங்கள் மேலே போயின. துரை முன்னால் வந்தார்; கதாயுதங்கள் கீழே வந்தன. தாமதமாக வந்த நீதிபதி ஒருவர் துரையைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார், அவர் நாய் போனது, அடுப்படிப் பூனை ஒன்று உள்ளே போய், யோசித்து, வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. அவர்களுக்கெல்லாம் வழி இருந்தது.

கல்லாள்கள் தமிழ்நாட்டு ஆள்கள் என்பதால், பட்டாளத்தில் கற்ற தமிழில் துரை அதட்டிப் பார்த்தார்.

"ஏய், தள்ளு. வழி விடு. நான் துரை."

கல் அசையவில்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற ஞானப்பூவைப் பார்த்துத் திரும்பினார்.

"நீ சொல்லு. உன் ஊர் ஆள்தானே."

"எங்க ஊர் ஆளுங்கதான் துரை," என்றாள் ஞானப்பூ. "ஆனா எங்க பேச்சை அவங்க ஒருநாளும் கேட்டதில்லையே."

அவள் பிள்ளைகளோடு உள்ளே போனாள். அவளைத் தடுக்கவில்லை. துரையை வேலைக்காரர்கள் கொல்லைப்பக்கமாகக் கூட்டிப்போய், இறகு பிடுங்கிய வாத்துகளையும் கழுநீர்த் தொட்டியையும் தாண்டி, சமையல்கட்டு வழியாக உள்ளே சேர்த்தார்கள். கோட்டில் ஒரு வாத்திறகு ஒட்டியிருக்க அவர் விருந்து மேசையின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லார் வாயிலும் இறைச்சி இருந்தது.

மறுநாளிலிருந்து ஊர் அந்த விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. கல்லில் ஈரம் இறங்கினால் இப்படி நீளும் சுருங்கும் என்று வைத்தியர் சொன்னார். வரிப்பாக்கி இருப்பவர்களுக்கு இது பாடமாகட்டும் என்று பாதிரியார் எதற்கும் சம்பந்தமில்லாமல் பிரசங்கம் செய்தார். வீட்டுக்காரரைத் தடுக்கிற கற்சிலை அத்துமீறி நுழைந்தவராகக் கருதப்படுமா, வாடகைக்கு இருப்பவராகக் கருதப்படுமா என்று வக்கீல்கள் நீளமாகப் பேசினார்கள். உடைத்துவிடலாம் என்று சுத்தியலோடு வந்த கல்தச்சன், கும்மட்டத்தின் பாரமெல்லாம் இந்த இருவர் தோளில்தான் இறங்குகிறது, இவர்களை எடுத்தால் வீட்டு முகப்பே விழும், மிஸ்டர் பென்ரட்டின் சாமர்த்தியம் அப்படி என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனான். எந்த மனுஷனையும் தடுக்காத வாசல் இந்த ஒரு மனுஷனைத் தடுப்பானேன் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் அவரவர் தாத்தா எப்படிச் சம்பாதித்தார் என்ற பேச்சு வரும்.

மானத்தைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்தது துரைசானிதான். ஒரு மாலை வரவேற்பறை நிறைய விருந்தாளிகளை வைத்துக்கொண்டு, கீழ்த்திசையில் ராஜாக்கள் அரண்மனைக்குள் சமையல்கட்டு வழியாகத்தான் நுழைவார்கள், அது ஆயிரமாயிரம் வருஷத்து மரபு, என் கணவர் அந்த மரபில் ஊறியவர் என்று சொன்னாள். சொல்வதற்கு முன்பே ஞானப்பூவைத் தனியாகக் கூப்பிட்டு, ஆமாம் என்று மட்டும் சொல், போதும் என்று சொல்லிவைத்திருந்தாள்.

"சொல்றேன் துரைசானி அம்மா," என்றாள் ஞானப்பூ. "பிள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கூடம் போயாச்சு. என்னை அடுத்த கப்பல்ல ஏத்திவிடுறதா நீங்க சொல்லுங்க. நான் ஆமான்னு சொல்றேன்."

துரைசானி சரி என்றாள். ஞானப்பூ வரவேற்பறையில் ஆமாம் என்றாள்.

அந்த ஒரு ஆமாம், மழைக்காலத்துப் புல் மாதிரி சீமையெல்லாம் பரவியது. லேடி பாம்ஃப்ரெட் என்ற மூத்த சீமாட்டி, தன் வண்டியைக் கொல்லைப்பக்கம் விடச் சொல்லி, பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுநீர்த் தொட்டியோரம் நடந்து வந்தாள். அவள் வந்ததால் மற்றவர்கள் வந்தார்கள். தங்கள் வீடுகளிலும் முன்வாசலைக் கைவிட்டுச் சமையல்கட்டு வழியாகப் புழங்க ஆரம்பித்தார்கள், அதில் கம்பளம் விரித்தார்கள், அடுப்பங்கரைச் சுவரில் மூதாதையர் படங்களை மாட்டினார்கள். பெரியமனிதர் வழியில் வேலைக்காரர்கள் குறுக்கே வரக் கூடாது என்பதால் வேலைக்காரர்கள் இனி முன்வாசலால் வந்துபோக வேண்டும் என்று உத்தரவாயிற்று. நிலக்கரி மூட்டையும், மீன்கூடையும், கால்கட்டிய பன்றியும் வின்டில்கோட் மாளிகையின் கும்மட்டங்களுக்குக் கீழே, நாய்முக யாளிகளுக்கு நடுவே உள்ளே போயின. கதாயுதங்கள் மேலேயே இருந்தன.

ஞானப்பூவின் கப்பல் மட்டும் வரவில்லை.

"நீ போய்விட்டால் இதெல்லாம் நிஜமென்று சொல்ல யார் இருக்கிறார்கள்?" என்றாள் துரைசானி. "நீ இங்கே அவசியம்."

ஞானப்பூ துரையிடம் போய்த் தொப்பிச் சத்தியத்தை நினைவுபடுத்தினாள். அது வேறு தொப்பி என்றார் துரை.

அவள் அழுதாள், பிறகு கணக்குப் போட்டாள், பிறகு கோபப்பட்டாள். இவர்களுக்கு ரோஷம் வருகிற மாதிரி எதையாவது சொன்னால் தாங்களாகவே என்னைத் தொலைத்துத் தலைமுழுகுவார்கள் என்று நினைத்தாள். அடுத்த விருந்தில் சீமாட்டிகள் உங்கள் நாட்டு வழக்கம் வேறென்ன என்று கேட்டபோது, பெரியமனிதர்கள் உட்காருவதற்கு முன்னால் கரிவாளி ஒன்றைத் தங்கள் கையால் தூக்கி வர வேண்டும் என்றாள். அவர்கள் கண்கள் விரிய எழுந்து போய்த் தூக்கி வந்தார்கள். ஆளுக்கு ஒரு கரித்துண்டு, வெல்வெட்டில் சுற்றியது. அடுத்தமுறை, சாம்பல் போட்டு ஒரு பானை தேய்க்க வேண்டும் என்றாள். தேய்த்தார்கள், எவ்வளவு சாந்தம் தருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், பிறகு அந்தப் பானையை ஒழுங்காகக் கழுவ வேலைக்காரியிடம் கொடுத்தார்கள். சமையல்காரி உட்கார் என்று சொல்லும்வரை நிற்க வேண்டும் என்றாள், நின்றார்கள். வேலைக்காரர் தின்று மிஞ்சியதைத்தான் பெரியவர்கள் தின்ன வேண்டும் என்றாள்; அது வேதாந்தம் என்று ஒரு கனவான் விளக்கம் சொல்லிவிட்டு ஆறிப்போன உருளைக்கிழங்கைக் கண்மூடி மென்றார். அடுப்புக்கரி பூசிய மூக்கோடு ஹாப்லி துரை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பெருமைப்பட்டார். அரிசிக்கடைக்காரர் என்ற பேச்சு எப்போதோ போய்விட்டது, இப்போது அவர்தான் சீமைக்கே மரபு சொல்லிக் கொடுத்தவர். பானை தேய்த்த கைகள் வேலைக்காரிகளை அறைவதை மட்டும் நிறுத்தவில்லை.

சலித்துப்போன ஞானப்பூ ஒருநாள் உண்மையையே சொல்லிப் பார்த்தாள். நான் சொன்னதெல்லாம் பொய், எங்கள் ஊரில் ராஜாவும் பெரியமனிதரும் முன்வாசலில்தான் போவார்கள், பானை தேய்க்கிறவர்கள்தான் கொல்லையில் போவார்கள், இந்தக் கல்லாள்கள் நிற்பது ஆகாதவர்களை மறிப்பதற்கு என்றாள். லேடி பாம்ஃப்ரெட் மெல்லக் கைதட்டினாள்.

"எல்லாமே பொய் என்று சொல்வதுதான் அவர்களுடைய உச்ச தத்துவம்," என்றாள்.

சமையல்காரி மார்த்தா இதைக் கேள்விப்பட்டு ஞானப்பூவைக் கடிந்துகொண்டாள். வாட்டசாட்டமான பொம்பளை, அந்த வீட்டில் ஞானப்பூவுக்கு ரொட்டியின் மொறுமொறுப்பான பக்கத்தைக் கொடுக்கிற ஒரே ஜீவன்.

"ஏண்டியம்மா கெடுக்கிறே? உன் புண்ணியத்துல இப்பதான் நாங்க சூடா சாப்பிடுறோம். நீ போயிட்டா மறுபடி மிச்சம் மீதிதான்."

"எனக்கு ஒரு மக இருக்கா மார்த்தா. நடக்கப் பழகிட்டிருந்தா. இப்ப ஓடுவா."

மார்த்தா அடுப்பைக் கிளறினாள். போ என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

ஒரு காலைப்பொழுது ஞானப்பூ சாம்பல் வாளியை முன்வாசலால் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், வாளியைப் படியில் வைத்துவிட்டு, கல்லாள்கள் இருவருக்கும் நேராக நின்றாள். அவள் லூத்தரன் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். இவர்களைக் கும்பிடவும் இல்லை, இவர்களுக்குப் பயப்படவும் இல்லை. எதிர்வீட்டு ஆளிடம் நியாயம் கேட்கிற மாதிரித்தான் பேசினாள்.

"யாரைத் தடுத்துக்கிட்டிருக்கிறதா நினைப்பு உங்களுக்கு? எங்க அப்பாவைத் தெருமுனையிலேயே நிறுத்தினீங்க. அவர் வெயில்ல நின்னுட்டுத் திரும்பி வந்தார். அவருக்கு வேற வாசல் கிடையாது. இங்க வந்து இந்த ஆளை நிறுத்தினீங்க. அவர் கொல்லைவழியா போய் மேசையில உக்காந்துட்டார், அந்தக் கொல்லையையே ராஜவாசல்னு ஆக்கிட்டார். இவங்களை எந்த வாசல்ல நிறுத்தினாலும் வாசலை மாத்திக்குவாங்க. நிறுத்தினா நிக்கிறது எங்களை மாதிரி ஆளுங்க மட்டுந்தான். என்னை உள்ள விட்டதுக்கு உங்களுக்கு நன்றி சொல்வேன்னு பார்க்காதீங்க. நான் கேட்டது வெளிய போக வழி. உங்களால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. போதும், கையை இறக்குங்க."

வலப்பக்கத்து ஆளின் சுட்டுவிரல் மடங்கியது. பிறகு இடப்பக்கத்து ஆளின் விரல். கதாயுதங்கள் மெல்ல இறங்கித் தரையில் ஊன்றின; நாள்முழுக்க மூட்டை தூக்கினவன் கம்பை ஊன்றி நிற்கிற மாதிரி அவர்கள் அதன்மேல் கைகளைப் போட்டுக்கொண்டார்கள். முகத்தில் வெட்கமோ, பல்வலியோ, ஏதோ ஒன்று. ஞானப்பூ வாளியை எடுத்துக்கொண்டு போய்ச் சாம்பலைக் கொட்டினாள்.

அன்று துரை சமையல்கட்டுப் பக்கம் தன் பங்குப் பானையோடு உட்கார்ந்திருந்தபோது அவரிடம் போய்ச் சொன்னாள்.

"வாசல் திறந்தாச்சு துரை. இனிமே நீங்க முன்னாலேயே வரலாம், யாரும் மறிக்க மாட்டாங்க. என்னை ஊருக்கு அனுப்புங்க."

துரை நம்பவில்லை. ஆனால் பானையைக் கீழே வைத்தார். வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். ஞானப்பூ பின்னால் போனாள். தூரத்தில் நின்று கல்லாள்களைப் பார்த்தார், இருமினார், ஒரு காலை முன்னால் வைத்து எடுத்துப் பார்த்தார். பிறகு கண்களை இறுக்க மூடிக்கொண்டு நடந்தார். கண்ணைத் திறந்தபோது தான் கட்டிய வாசலைத் தாண்டித் தன் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். மேலே வெங்காயக் கும்மட்டத்தின் உட்புறத்தில் தங்கப்பூச்சு மின்னியது. அதை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. அவருக்குக் கண் கலங்கியது.

கூடத்துச் சலவைக்கல் படிக்கட்டில் வேலைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் வழி, அவர்கள் இடம் என்று ஆகி நாளாகிவிட்டது. மார்த்தா கோப்பையோடு எழுந்து நின்றாள்; மரியாதையாகத்தான் கேட்டாள்.

"வழி தவறிட்டீங்களா எஜமான்? இது வேலைக்காரங்க வாசல். பெரியமனுஷங்களுக்குக் கொல்லையில."

துரை வாயைத் திறந்தார். அந்நேரம் வெளியே சக்கரச் சத்தம் கேட்டது. கொல்லைப்பக்கம் போவதற்காக முன்வாசலைச் சுற்றிக்கொண்டு வந்த லேடி பாம்ஃப்ரெட்டின் வண்டி, ஜன்னல் திரை விலகியபடி நெருங்கியது. மீன்காரியும் கரிக்காரனும் புழங்குகிற வாசலில் கர்னல் ஹாப்லி நிற்பதை அவள் பார்த்தால் நாளைக்குச் சீமை முழுக்கத் தெரியும். துரை தன் வீட்டுக் கூடத்திலிருந்து துள்ளி வெளியே வந்து, பன்றிமுக யானைக்குப் பின்னால் குந்திக்கொண்டார். வண்டி தாண்டிப் போகும்வரை அவருடைய வழுக்கைத் தலை யானையின் முட்டிக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு சேற்றில் முழங்காலை ஊன்றி எழுந்தபோது, முன்னால் ஞானப்பூ நின்றாள்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவர் மன்னித்திருப்பார். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசல் திறந்துகிடப்பதை அறிந்து, அதில் நுழைய அவருக்குத் தைரியமில்லை என்பதையும் அறிந்த ஒரு ஆள் இனி ஒவ்வொரு விருந்திலும் சுவரோரம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது துரைக்கு விளங்கியது. கெஞ்சலுக்கும் சத்தியத்துக்கும் கிடைக்காத கப்பல் அந்த வாரமே கிடைத்துவிட்டது. நாகப்பட்டினத்துக்குப் போகிற ஒரு கலெக்டர் குடும்பத்தின் கைக்குழந்தைக்கு ஆயா தேவை என்று துரையே அலைந்து விசாரித்து ஏற்பாடு செய்தார். துரைசானி எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். துரை காரணம் சொல்லவில்லை.

ஞானப்பூ கிளம்பிய காலையில் தூறிக்கொண்டிருந்தது. அவள் பயணத்தைக் கேள்விப்பட்டுப் பெரிய குடும்பங்கள் எல்லாம் வந்து, கொல்லை வாசலில், ஏப்ரன் கட்டிக்கொண்டு, வாத்துக்கூண்டுகளுக்கு நடுவில் கூடியிருந்தன. ஹாப்லி துரை கூட்டத்தின் பின்னால் குடைக்கடியில் முகத்தை வைத்துக்கொண்டார். ஞானப்பூ முன்வாசலால் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு வந்து, மார்த்தாவைக் கட்டிக்கொண்டு, தகரப் பெட்டியை வாடகை வண்டியில் வைத்தாள். மார்த்தா ரொட்டிப் பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு, மகளுக்குக் கொடு என்றாள். கப்பல் போய்ச்சேர்வதற்குள் அது பூசணம் பிடித்துவிடும் என்று இருவருக்கும் தெரியும். ஞானப்பூ வாங்கிக்கொண்டாள்.

அப்போது லேடி பாம்ஃப்ரெட் முன்னால் வந்து கேட்டாள்.

"கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போ. உங்கள் நாட்டில், தங்களுக்காகப் பாடுபட்ட ஒருத்தி கையில் ஒன்றுமில்லாமல் வீடு திரும்பும்போது, பெரியமனிதர்கள் என்ன செய்வார்கள்?"

சீமாட்டிகளும் கனவான்களும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். எதைச் சொன்னாலும் செய்வார்கள். மண்ணில் விழச் சொன்னால் விழுவார்கள். ஞானப்பூ கொஞ்சம் யோசித்தாள். இவர்களுக்காக இன்னொரு பொய்யைக் கட்ட அவளுக்கு மனமில்லை.

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க அம்மா. பார்த்துக்கிட்டு நிப்பாங்க."

அவள் வண்டியேறினாள். வண்டி தோப்பு வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தாள். தூறல் மழையாக வலுத்திருந்தது. ஒருத்தரும் குடையை விரிக்கவில்லை, விரித்திருந்த ஹாப்லி துரையும் மடக்கிவிட்டிருந்தார். சீமையின் பெரியமனிதர்கள் அத்தனைபேரும் கைகளைத் தொங்கவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, மிகுந்த பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.